நிலவொளி மலைகள்: ஒரே தாளில் பகலும் இரவும் வரைவது எப்படி?

கேள்வி – புரசை டிராயிங் டீச்சர்
புரசைவாக்கத்தில் வீட்டிலேயே பிள்ளைகளுக்கு டிராயிங் சொல்லித்தருகிறேன். ஜெர்மன் ஓவியர் காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிஷ் (1774–1840) 1830களில் தீட்டிய மலை-ஆற்றுக் காட்சி ஒன்று ஜெர்மனியின் காசெல் நகரில் இருக்கிறது. ஒளி ஊடுருவும் தாளில் இரு பக்கமும் தீட்டியது. முன்னால் வெளிச்சம் பட்டால் பகல்; பின்னால் விளக்கு வைத்தால் அதே மலைகளுக்கு மேல் நிலா! போனில் இரண்டு படமாகக் காட்டினால் பிள்ளைகளுக்கு அந்த மாற்றம் பிடிபடவில்லை. நாமே ஒன்று செய்ய முடியுமா?

பதில் – மேடை லைட்காரர்
தாராளமாகச் செய்யலாம் டீச்சர். மயிலாப்பூர்ப் பக்கம் நாடகங்களுக்கு லைட் போடுகிறேன். மேடையில் தொங்கும் வலைத்துணி மேல் முன்னாலிருந்து லைட் அடித்தால் அது சுவர் மாதிரி நிற்கும். அதை அணைத்துவிட்டுப் பின்னால் போட்டால் உள்ளே இருக்கும் ஆள் தெரிவார். இதுவும் அதே வேலைதான்.

கனமான ட்ரேசிங் தாளைச் சட்டத்தில் இழுத்து ஒட்டுங்கள். முன்பக்கம் பகல் காட்சி, வாட்டர் கலரை ரொம்ப நீர்க்க விட்டு. காய்ந்த பிறகு திருப்பி, பின்பக்கம் வானத்தையும் மலைச்சரிவையும் கருநீலத்தில் அடர்த்தியாக்குங்கள். நிலா வரும் வட்டத்தில் மட்டும் இரு பக்கமும் சொட்டுப் பெயின்ட் படக்கூடாது. அங்கே விளக்குதான் நிலா. ஆற்றில் அதன் நேர் கீழே ஒரு கோடு இடம் விடுங்கள். மலை உச்சியின் விளிம்பைக் கூர்மையாகவும், அடிவாரத்தைப் பனியில் கரைவது போலவும் விட்டால் உயரம் தானாக வந்துவிடும். எனக்கு இந்த வித்தையில் பிடித்ததே, இருட்டைத் தீட்டி ஒளியைத் தீட்டாமல் விடுவதுதான்.

பதில் – கண் மருத்துவ மாணவி
நிறம் பற்றி ஒரு விஷயம். மங்கிய வெளிச்சத்தில் நம் கண்ணுக்குச் சிவப்பு சீக்கிரம் கறுத்துவிடும், நீலமும் பச்சையும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். 19ஆம் நூற்றாண்டில் இதைக் கவனித்து எழுதிய செக் விஞ்ஞானி புர்கின்யே பெயரால்தான் இன்றும் பாடத்தில் படிக்கிறோம். கரண்ட் போன இரவில் மொட்டைமாடிச் செம்பருத்தியைப் பார்க்கச் சொல்லுங்கள்: பூ கருப்பாகவும் இலை அதைவிட வெளுப்பாகவும் இருக்கும். அதனால் பின்பக்கம் சிவப்பு, ஆரஞ்சு வேண்டாம்.

புரசை டிராயிங் டீச்சர்
இருவருக்கும் ரொம்ப நன்றி! இந்த மழைக்காலத்தில் தாள் சுருங்காதா?

மேடை லைட்காரர்
ஈரக்காற்றில் நெளியத்தான் செய்யும். ஒரு கோட் நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்ததைப் போடுங்கள். குண்டு பல்பு வேண்டாம், சூட்டில் தாள் சுருண்டுவிடும். எல்.இ.டி போதும், ஒரு சாண் தள்ளி வையுங்கள்.