காலையில் வெள்ளைப் புகை, சூடானதும் சரியாகிறது: இன்ஜினை இறக்கத்தான் வேண்டுமா?

கம்பம்_கமாண்டர்:

அண்ணன்மார்களுக்கு வணக்கம். எங்களுடையது 1996 மாடல் கமாண்டர் ஜீப், பழைய பெஜோ டீசல் இன்ஜின். ஏலக்காய் எடுப்பு நேரத்தில் கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு வழியாக வண்டன்மேட்டுக்கு ஆள் ஏற்றுகிற வண்டி. கீழே வீட்டு வாசலில் நின்றவரைக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. இப்போது ராத்திரி மேலேயே எஸ்டேட்டில் நிறுத்துகிறோம். விடிகாலையில் செல்ஃப் அடித்தால் உடனே பிடிக்காது, ரொம்ப நேரம் அடித்த பிறகு உதறிக்கொண்டே பிடிக்கும், பிடித்ததும் வெள்ளையாகப் புகை கிளம்பி எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கிற லயத்து வாசல் வரைக்கும் மூடிவிடும், கண் எரிகிறது என்று அங்கே இருக்கிற பெண்கள் கோபப்படுகிறார்கள், அது நியாயம்தான். சில நிமிடத்தில் இன்ஜின் சூடேறினால் புகையும் நிற்கும் உதறலும் போய்விடும். அப்புறம் நாள் முழுக்க எத்தனை முறை ஆஃப் செய்தாலும் ஒரே அடியில் பிடிக்கிறது. ஏற்றத்தில் இழுவை குறையவில்லை. ரேடியேட்டர் தண்ணீர் இறங்கவில்லை, ஆயிலும் அளவில் இருக்கிறது. ஒரு மெக்கானிக் பார்த்துவிட்டு போர் (பிஸ்டன் ஓடுகிற சிலிண்டர் சுவர்) தேய்ந்துவிட்டது, இன்ஜினை இறக்கி பிஸ்டன் ரிங் மாற்ற வேண்டும் என்கிறார். சீசன் நடுவில் வண்டியை நிறுத்தினால் எங்களுக்குப் பிழைப்பே இல்லை. உண்மையிலேயே இன்ஜின் வேலைதானா?

போடி_டீசல்:

தம்பி, இப்போதைக்கு இறக்காதீர்கள். நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் படுவது கண் எரிகிறது என்பதுதான். கண்ணைக் கரிக்கிற வெள்ளைப் புகை எரியாத டீசல். தண்ணீர் ஆவியாக இருந்தால் கரிக்காது, சைலன்சரை விட்டு வெளியே வந்து கொஞ்ச தூரத்திலேயே கரைந்துவிடும். கூலன்ட் உள்ளே போகிறது என்றால் லேசாக இனிப்பு வாடை அடிக்கும், ரேடியேட்டரில் அளவும் இறங்கும். ஆயில் எரிந்தால் புகையில் நீலம் தெரியும். சந்தேகம் இருந்தால் சைலன்சர் வாயில் ஒரு வெள்ளைத் துணியைப் பிடித்துப் பாருங்கள், டீசல் என்றால் துணி நனைந்து டீசல் வாடை அடிக்கும், தண்ணீர் என்றால் காய்ந்ததும் வாடை இருக்காது, ஆயில் என்றால் பிசுபிசுப்பு ஒட்டிக்கொள்ளும்.

அடுத்தது, புகை எப்போது நிற்கிறது என்பது. நிறத்தைவிட நான் இதைத்தான் அதிகம் நம்புவேன். போர் தேய்ந்த வண்டி சூடான பிறகும் காட்டிக்கொடுக்கும்: ஏற்றத்தில் நீலமாகப் புகையும், ஆயில் குடிக்கும், ஆயில் மூடியைத் திறந்தால் புஸ் புஸ்ஸென்று காற்று அடிக்கும், இழுவையும் போய்விடும். உங்களுக்கு இதெல்லாம் இல்லை.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றைப் பல மடங்கு அமுக்கி, அந்தச் சூட்டில் டீசல் தானாகப் பற்ற வேண்டும். உங்கள் பெஜோ இன்ஜினில் டீசல் நேராகப் பிஸ்டன் மேல் விழாது, ஹெட்டில் இருக்கிற சின்ன அறைக்குள் விழும். இன்ஜின் குளிர்ந்து கிடந்தால் அந்த அறையின் சுவரே சூட்டை நிறைய உறிஞ்சிவிடும். அதற்காகத்தான் அந்த அறையை முன்கூட்டியே சூடாக்க அதில் ஹீட்டர் பிளக் வைத்திருக்கிறார்கள். இதே ஊரில் பின்னால் வந்த டிஐ இன்ஜின் (டீசலை நேராகப் பிஸ்டன் மேல் அடிக்கிற இன்ஜின்) ஜீப்புகள் காலையில் சுலபமாகப் பிடிப்பதற்கு அவற்றில் அந்த அறை இல்லாததும் ஒரு காரணம். இதோடு வண்டன்மேடு 1,000 மீட்டருக்கு மேலே இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து அவ்வளவு உயரம் போனால் காற்றின் அடர்த்தி கிட்டத்தட்ட 10 சதவீதம் குறைந்துவிடும், அமுக்க அவ்வளவு காற்று குறைவு, சூடும் குறைவு, போதாக்குறைக்கு அதிகாலைக் குளிர் வேறு. கம்பத்தில் ஒன்றிரண்டு ஹீட்டர் செத்திருந்தாலும் வண்டி சமாளித்திருக்கும், மேலே அது முடியாது.

அதனால் முதலில் ஹீட்டரைப் பாருங்கள். நான்கையும் சேர்க்கிற பட்டையைக் கழற்றிவிடுங்கள், அதைக் கழற்றாமல் பார்த்தால் நல்லது எது கெட்டது எது என்று தெரியாது. டெஸ்ட் லைட்டின் ஒரு முனை பேட்டரி பிளஸ்ஸில், மறுமுனை ஒவ்வொரு ஹீட்டர் தலையிலும். எரிந்தால் உள்ளே கம்பி அறுந்திருக்காது, எரியாவிட்டால் அது செத்தது. நான்கும் நன்றாக இருந்தால் பட்டையை மாட்டி, சாவியை ஹீட்டர் நிலையில் வைத்து பட்டைக்கு கரன்ட் வருகிறதா என்று பாருங்கள், ரிலே போயிருக்கலாம். பேட்டரியையும் விடாதீர்கள், செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் அமுக்குகிற காற்று ரிங் வழியாகக் கசிய நேரம் கிடைத்துவிடும், சூடு ஏறாது.

குமுளி_வண்டிக்காரன்:

போடி அண்ணன் சொன்னது சரி, ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். பிடிக்காமல் செல்ஃப் அடித்துக்கொண்டிருக்கும்போதே புகை வருகிறதா? வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை என்று அர்த்தம், அது ஹீட்டர், கம்ப்ரஷன் (காற்றை அமுக்குகிற அழுத்தம்), டீசல் அடிக்கிற டைமிங் பக்கம். புகையே இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தால் டீசல் வரவில்லை. ராத்திரியில் எங்கேயோ காற்று இழுத்து லைனில் இருந்த டீசல் டேங்குக்கே திரும்பிவிடுகிறது. மேலே சரிவில் நிறுத்துகிற வண்டிகளில் இதை நிறையப் பார்க்கிறேன்.

இன்னொன்று, தயவுசெய்து கேளுங்கள். அவசரத்துக்கு ஏர் ஃபில்டர் வாயில் பேப்பரைக் கொளுத்திக் காட்டுவது, ஈதர் ஸ்ப்ரே அடிப்பது இரண்டும் வேண்டாம். ஹீட்டர் சிவந்திருக்கும்போது ஈதர் உள்ளே போனால் நேரத்துக்கு முன்னாலேயே வெடித்து பிஸ்டனை உடைத்துவிடும். மூடிய ஷெட்டுக்குள் சூடேற்றவும் வேண்டாம், அந்தப் புகை ஆளைக் கொல்லும். பக்கத்தில் பெண்கள் இருக்கிற லயம் இருக்கிறது என்கிறீர்கள், வண்டியைக் காற்றோட்டமான பக்கம் தள்ளி நிறுத்துங்கள்.

கம்பம்_கமாண்டர்:

அண்ணே இரண்டு பேருக்கும் நன்றி. செல்ஃப் அடிக்கும்போதே புகை வருகிறது. டெஸ்ட் லைட் வைத்துப் பார்த்ததில் இரண்டு ஹீட்டரில் எரியவே இல்லை. நான்கையும் புதிதாக மாற்றிவிட்டேன். இப்போது காலையில் சட்டென்று பிடிக்கிறது, புகை லயம் வரைக்கும் போவதில்லை. ஆனால் பிடித்ததும் கொஞ்ச நேரம் உதறல் மட்டும் இன்னும் இருக்கிறது, லேசாகப் புகையும் இருக்கிறது. அப்படியென்றால் போர் விஷயமும் உண்மையா?

போடி_டீசல்:

நல்லது தம்பி. போரும் இருக்கலாம், இல்லையென்று இங்கே உட்கார்ந்துகொண்டு சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் அதற்கு முன்னால் டீசலைத் தூவுகிற நாசிலைப் பார்க்க வேண்டும். உதறுகிற அந்த நேரத்திலேயே, கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு நாசில் பைப் நட்டையும் கொஞ்சமாகத் தளர்த்தி உடனே இறுக்குங்கள், கையை டீசல் பீய்ச்சுகிற பக்கம் கொண்டுபோகக் கூடாது. நல்ல சிலிண்டரைத் தளர்த்தினால் இன்ஜின் இன்னும் மோசமாக உதறும். எதைத் தளர்த்தியும் மாற்றமே இல்லையோ அந்த சிலிண்டர்தான் வேலை செய்யவில்லை. அந்த நாசிலை டெஸ்டரில் போட்டு அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள், பூ மாதிரித் தூவ வேண்டும், சொட்டினால் கோளாறு அதில்தான். நாசிலும் சரியாக இருந்தால் அப்புறம் கம்ப்ரஷன் கேஜ், அதுவும் ஹீட்டரைக் கழற்றிய துளையிலேயே வைத்துப் பார்க்கலாம், இன்ஜினை இறக்க வேண்டியதில்லை. நான்கில் ஒன்று மட்டும் நன்றாகக் குறைந்து காட்டினால் அப்போது ரிங்கைப் பற்றியும் வால்வைப் பற்றியும் பேசலாம். நாசிலைக் கழற்றினால் அடியில் இருக்கிற வாஷரைத் திரும்பப் போட விடாதீர்கள், புதிது வாங்கிக் கையில் கொடுங்கள்.