படைவீரர் பெயரில் வசூல்: நேரில் கண்டவர்கள் சொல்வது

வேளச்சேரி வாசி:

போன ஞாயிறு காலையில எங்க அபார்ட்மெண்டுக்கு ரெண்டு பேர் வந்தாங்க. கருநீல பிளேசர், நெஞ்சுல வரிசையா மெடல், கையில லேமினேட் பண்ணின ஆல்பம். "ஜெய்ஹிந்த் சார், ஊனமுற்ற ஜவான்கள் மறுவாழ்வுக்காக வந்திருக்கோம்." நான் ஆல்பத்தைப் புரட்டிக்கிட்டு இருக்கும்போதே ரசீதுப் புத்தகத்தைத் திறந்து பேனாவை என் கையில கொடுத்துட்டார். அடிக்கட்டையில பக்கத்து வீட்டுக்காரர் பேர், எதிர்ல 5,000. அதைப் பார்த்த பிறகு நூறு ரூபாய் எழுத யாருக்கு மனசு வரும்?

ரசீதுல சங்கத்தோட பதிவு எண் இருக்கு. பான் எண் இல்ல. நன்கொடைக்கு வரிச் சலுகை தர்ற 80ஜி-க்கு நேரா 'விண்ணப்பிக்கப்பட்டுள்ளது'ன்னு அச்சடிச்சிருக்கு. இப்போ எங்க அசோசியேஷன் செயலாளர், எல்லார் சார்பாவும் ஒரு தொகை கொடுத்துடலாமான்னு கேக்குறார். கொடுக்கத் தயக்கம் இல்ல. ஆனா அது யார் கைக்குப் போய்ச் சேருதுன்னு எப்படிப் பார்க்கிறது? இந்த மாதிரி ஆளுங்களைச் சந்திச்சவங்க இருந்தா சொல்லுங்க.

குடியாத்தம் ஹவில்தார் (ஓய்வு):

தம்பி, எங்க வேலூர்ப் பக்கம் வீட்டுக்கு ஒருத்தர் பட்டாளத்துக்குப் போன ஊருங்க நிறைய உண்டு. அங்க இவங்க வரமாட்டாங்க. வந்தா முதல் கேள்வியே "எந்த ரெஜிமெண்ட், உங்க ரெக்கார்ட் ஆபீஸ் எது?"ன்னு விழும். மெட்ராஸ் ரெஜிமெண்டுன்னா வெலிங்டன். சிக்னல்ஸ்னா ஜபல்பூர். வண்டி, ஆயுதம் பழுது பார்க்கிற இ.எம்.இ.ன்னா செகந்திராபாத். பென்ஷன்ல பேர் திருத்தணும்னாலும், பிள்ளை பேரைச் சேர்க்கணும்னாலும் அங்கதான் எழுதணும். அதனால சர்வீஸ் பண்ணின எவனுக்கும் அது மறக்காது. ஒருதரம் காட்பாடி ஸ்டேஷன்ல உண்டியலோட நின்ன ஒருத்தர்கிட்ட கேட்டேன். "டெல்லி"ன்னார். டெல்லியில எங்கேன்னேன். ரயில் வருதுன்னு நடையைக் கட்டிட்டார். ரயில் எதுவும் வரல.

இன்னொண்ணு, ஆல்பத்துல கால் இல்லாத ஜவான் படம் இருக்குமே, அவருக்குக் கால் எங்க பொருத்தினாங்கன்னு கேளுங்க. ராணுவத்தோட செயற்கை உறுப்பு மையம் புனேயில 1944-லிருந்து இருக்கு. தண்டுவடம் அடிபட்டவங்களுக்கு கிர்க்கீயிலயும் மொஹாலியிலயும் மறுவாழ்வு மையம் இருக்கு. கிர்க்கீக்கு என் யூனிட்காரன் ஒருத்தனைப் பார்க்கப் போயிருக்கேன். சக்கர நாற்காலியில உக்காந்தே கூடைப்பந்து ஆடுறான், என்னைவிட நல்லா இருக்கான். உண்மையிலயே அந்த ஆளுங்களுக்கு உதவுறவங்கன்னா இந்தப் பேர்களையெல்லாம் நீங்க கேக்குறதுக்கு முன்னாடியே சொல்லிடுவாங்க.

ஒரு நியாயத்தையும் சொல்லிடறேன். மெடல் போட்டு வந்தவர் நிஜமான முன்னாள் படைவீரராவே இருக்கலாம். அதனால மட்டும் சங்கம் யோக்கியம்னு ஆயிடாது. எங்க ஆளுங்களையே மாசச் சம்பளத்துக்கு வாசல்ல நிறுத்துற சங்கங்களும் உண்டு.

வசூலுக்குப் போனவன்:

ஹவில்தார் ஐயா சொல்றது சரி. காலேஜ் முடிச்சு வேலை இல்லாம இருந்தப்போ நானே இந்த வேலைக்குப் போயிருக்கேன். பட்டாளத்துக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. காலையில ஒரு மாடி அறையில பயிற்சி. முதல்ல சல்யூட், அப்புறம் ஆல்பம், அப்புறம் அடிக்கட்டை. அதுல பெரிய தொகை இருக்கிற பக்கம் மேல தெரியணும். வீட்டுல வயசானவங்க இருந்தா அவங்ககிட்ட பேசணும். வசூல்ல மூணுல ஒரு பங்கு எனக்கு, அதுக்கு மேல டீம் லீடருக்கு ஒரு பங்கு. மிச்சம் எங்க போச்சுன்னு எனக்குத் தெரியாது, கேக்குற இடத்துலயும் நான் இல்ல. ஆனா ஒண்ணு, "இதுல உங்களுக்குக் கமிஷன் எவ்வளவு?"ன்னு நேராக் கேட்ட வீட்டுல எங்களால ஒரு நிமிஷம்கூட நிக்க முடிஞ்சதில்ல. அந்தக் கேள்விக்கு மட்டும் பயிற்சியில பதில் கிடையாது.

டாம்பா தமிழன்:

நான் இருப்பது அமெரிக்காவில், ஃபுளோரிடா. எங்கள் ஊரை மையமாக வைத்து நடந்த கதை ஒன்றைச் சொல்கிறேன். முன்னாள் கடற்படையினர் சங்கம் என்று ஒன்று. நாடு முழுக்கக் கிளைகள், 66,000 உறுப்பினர்கள், பெயர் போட்ட நிர்வாகிகள் ஏராளம் என்று காகிதத்தில் எல்லாம் கச்சிதமாக இருந்தது. வருமான வரித் துறையின் விலக்கும் உண்டு. தலைவர் தன்னை பாபி தாம்ப்சன் என்று சொல்லிக்கொண்டார். பெரிய அரசியல்வாதிகளுக்கு நன்கொடை கொடுத்து அவர்களோடு படம் எடுத்துக்கொண்டார். ஜனாதிபதி ஜார்ஜ் புஷ்ஷுடன்கூட ஒரு படம் உண்டு. வசூல் எல்லாம் தொலைபேசி வழியாக.

2010-இல் உள்ளூர் நாளிதழ் நிருபர்கள் இருவர் அந்த நிர்வாகிகளை ஒவ்வொருவராகத் தேடிப் போனார்கள். கிடைத்தவர் தாம்ப்சன் ஒருவர்தான். மற்றவர்கள் இல்லை. இருந்த முகவரிகளும் வாடகைத் தபால் பெட்டிகள். ஆள் தலைமறைவானார். 2012-இல் போர்ட்லாந்தில் பிடிபட்டபோது ஒரு பெட்டியில் ஏறக்குறைய பத்து லட்சம் டாலர் ரொக்கம் இருந்தது. பிறகுதான் அவருடைய உண்மைப் பெயர் ஜான் டொனால்ட் கோடி என்பது வெளியே வந்தது. ஹார்வர்டில் சட்டம் படித்தவர், முன்னாள் ராணுவ உளவுப் பிரிவுக்காரர், வேறொரு மோசடி வழக்கில் 1980-களிலிருந்தே தேடப்பட்டவர். 2013-இல் ஒஹாயோ நீதிமன்றம் 28 ஆண்டு சிறை கொடுத்தது. மொத்த வசூல் சுமார் பத்து கோடி டாலர் என்பது அரசுத் தரப்பின் கணக்கு.

இத்தனை ஆண்டுகளில் விண்ணப்பத்தைப் பார்த்தவர்கள், படிவத்தைப் பார்த்தவர்கள், சான்றிதழைப் பார்த்தவர்கள் எத்தனையோ பேர். ஒரு வீட்டுக் கதவைத் தட்டிப் பார்த்தவர்கள் அந்த நிருபர்கள்தான்.

டீச்சரம்மா:

வசூல்னாலே எங்களுக்குக் கொடிநாள்தான். 1949-லிருந்து டிசம்பர் 7. பள்ளிக்கூடத்துக்கு ஒரு கட்டு கொடி வந்துடும், சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம்னு மூணு பட்டை. முப்படைக்கு ஒவ்வொண்ணு. பிள்ளைங்க ரொம்ப ஆசையா குத்திக்குவாங்க. அதே சமயம், மாவட்டத்துக்கு ஒரு இலக்கு, அதைத் தாண்டினா கலெக்டர் கையால பாராட்டுச் சான்றிதழ்னு வரும்போது, 'விருப்ப நன்கொடை'யில விருப்பம் எவ்வளவு இருக்குன்னு ஸ்டாஃப் ரூமுல உக்காந்தவங்களைக் கேளுங்க. அந்தக் குறை எனக்கு உண்டு.

ஆனா அந்தப் பணம் எதுக்குன்னு ஒரு விதி இருக்கு, கேட்டா பதில் சொல்ல ஒரு அலுவலகமும் இருக்கு. ஓய்வூதியம் இல்லாத 65 வயசு தாண்டின முன்னாள் படைவீரர்களுக்கும் அவங்க விதவைகளுக்கும் மத்திய நிதியிலிருந்து மாசம் 4,000 ரூபாய் கொடுத்துக்கிட்டிருந்தாங்க. அதை 8,000 ஆக்கினதா 2025 அக்டோபர்ல அறிவிச்சாங்க. மகள் கல்யாணத்துக்கு 50,000 இருந்தது ஒரு லட்சம் ஆச்சு. வேளச்சேரி சார், உங்க அசோசியேஷன் பணத்தை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துல கொண்டுபோய்க் கட்டினாலே போதுமே?

வேளச்சேரி வாசி:

டீச்சர், நானும் அதைத்தான் சொன்னேன். உடனே குரூப்ல ஒருத்தர், "அப்போ இதுக்கு அனுப்பலாம்"னு ஒரு மெசேஜைத் தட்டி விட்டார். நடிகர் அக்ஷய் குமார் சொன்ன யோசனை, மந்திரிசபை ஒப்புக்கிச்சு, ஆளுக்கு தினம் ஒரு ரூபாய் போட்டா ராணுவத்துக்கு ஆயுதம் வாங்கலாம், இதோ கணக்கு எண்.

கணக்குப்பிள்ளை:

அது பத்து வருடமாகச் சுற்றும் சரக்கு. 2016-இலேயே பாதுகாப்பு அமைச்சகம் மறுத்தது. பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு 2025 ஏப்ரலில் மறுபடி கிளம்ப, மறுபடி மறுத்தார்கள். ராணுவத்துக்கு ஆயுதம் பட்ஜெட்டில் வாங்குகிறார்கள், உண்டியலில் அல்ல. போரில் இறந்த, காயம்பட்ட வீரர்களின் குடும்பங்களுக்காக அரசே நடத்தும் 'மா பாரதி கே சபூத்' நிதி தனியாக இருக்கிறது. அதற்கு இணையதளமும் உண்டு. மெசேஜில் வரும் எண்ணை நம்பாமல் அங்கே போய் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஆடிட்டர். அறக்கட்டளைக் கணக்குகள் பார்ப்பது என் பிழைப்பு. வாசலுக்கு வந்த சங்கத்தைப் பற்றிச் சொல்கிறேன். பதிவு எண் என்பது சங்கம் பிறந்ததற்கான சான்று, நடத்தைச் சான்று அல்ல. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ் பதிந்திருந்தால் ஆண்டுக் கணக்கை மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்திருக்க வேண்டும். கட்டணம் கட்டி நகல் கேட்கலாம். 80ஜி கிடைத்திருந்தால் வருமான வரித் துறை இணையதளத்திலேயே பெயர் தெரியும். 'விண்ணப்பிக்கப்பட்டுள்ளது' என்றால் இன்றைய தேதிக்கு இல்லை என்று அர்த்தம். ரொக்கமாக 2,000-க்கு மேல் கொடுத்தால் 80ஜி சலுகை கிடையாது. அப்படியிருக்க 5,000-ஐ ரொக்கமாகக் கேட்பவர் உங்கள் வரியைப் பற்றிக் கவலைப்படவில்லை. ஒழுங்கான அமைப்பு என்றால், உங்கள் பெயரையும் பான் எண்ணையும் துறைக்குத் தெரிவித்து, நிதியாண்டு முடிந்ததும் மே 31-க்குள் 10பிஇ என்கிற நன்கொடைச் சான்றிதழை அனுப்பும்.

இனி கணக்கு. எல்லோரும் "நிர்வாகச் செலவு எத்தனை சதவீதம்?" என்று கேட்கிறார்கள். அந்த ஒரு எண்ணை அழகாக்குவது எங்கள் தொழிலில் கஷ்டமே இல்லை. ஒரு சங்கத்தின் வரவு செலவில் நிர்வாகம் மிகக் குறைவு. 'படைவீரர் நல விழிப்புணர்வு' என்ற தலைப்பில் மட்டும் பெரிய தொகை. வவுச்சர்களைப் பிரித்துப் பார்த்தால் வசூல் நோட்டீஸ் அச்சடித்த செலவு, வசூல்காரர்களின் பேட்டா, வாடகை வேன். நோட்டீஸின் கீழே 'வீரர்களை மதிப்போம்' என்று ஒரு வரி இருந்ததாம், அதனால் அது விழிப்புணர்வாம். அலுவலக வாடகை அறங்காவலரின் மனைவிக்குப் போகிறது. உதவி பெற்றவர்களுக்கு என்று ஒரே ஒரு வரி, பெயர்ப் பட்டியல் கிடையாது. வருமானத்தில் 85 சதவீதத்தை நோக்கத்துக்குச் செலவிட வேண்டும் என்கிற வரி விதியை இந்தச் சங்கம் காகிதத்தில் தாராளமாகவே நிறைவேற்றியிருந்தது.

மறுபக்கமும் உண்டு. சம்பளம் கொடுத்து இரண்டு பிசியோதெரபிஸ்ட்டுகளை வைத்திருக்கும் ஒரு சிறிய டிரஸ்ட்டும் என்னிடம் இருக்கிறது. ஏட்டில் பார்த்தால் சம்பளச் செலவு பூதமாகத் தெரியும். ஆனால் அந்தச் சம்பளம்தான் அவர்கள் செய்யும் சேவையே. சதவீதத்தை மட்டும் பார்ப்பவர் இவர்களை விட்டுவிட்டு முதல் சங்கத்துக்குத்தான் செக் எழுதுவார். நான் கேட்பது ஒன்றுதான். போன வருடம் யாருக்குக் கொடுத்தீர்கள், அவர்களில் இரண்டு பேரிடம் அவர்கள் சம்மதத்தோடு பேச வைக்க முடியுமா? நல்ல அமைப்பு இதற்குக் கோபப்படாது.

சுபேதார் மகள்:

கணக்குப்பிள்ளை சார், இந்த மாதிரி சங்கத்துல உதவி வாங்கினவங்கள்ல எங்கம்மாவும் ஒருத்தர். அதனால வாங்கின பக்கத்திலிருந்து சொல்றேன்.

அப்பா சர்வீஸ்ல இருக்கும்போதே தவறிட்டார். ஒரு சங்கத்துக்காரங்க 'வீரமங்கையர் பாராட்டு விழா'ன்னு கூப்பிட்டாங்க. கல்யாண மண்டபம், மேடை, சால்வை. ஆளுயர அட்டையில செக் மாதிரி அடிச்சு 25,000ன்னு எழுதி அம்மா கையில கொடுத்தாங்க. அதை ஒரு ஓரமா நானும் பிடிச்சிருந்தேன். போட்டோ எடுத்து முடிச்சதும் அட்டையை வாங்கி, பேரை ஒட்டியிருந்த ஸ்டிக்கரை உரிச்சுட்டு அடுத்த அம்மா பேரை ஒட்டினாங்க. மேடைக்குப் பின்னால மேஜை போட்டு ஒரு பையன் உக்காந்திருந்தான். ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டின வவுச்சர். தொகை எழுதுற இடம் காலி. "கையெழுத்துப் போடுங்கம்மா, நாங்க நிரப்பிக்கிறோம்." கவர்ல இருந்தது 5,000. அம்மா போட்டோ இன்னைக்கும் அவங்க நோட்டீஸ்ல வருது.

அஞ்சாயிரமும் அன்னைக்கு எங்களுக்குப் பெரிசுதான், இல்லைன்னு சொல்லல. அதனாலதான் அங்க யாருமே வாயைத் திறக்கல.

கணக்குப்பிள்ளை:

அம்மா, அந்த வவுச்சர் என் போன்ற ஒரு ஆடிட்டர் மேஜைக்கு வரும்போது அதில் 25,000 என்றுதான் இருக்கும். கையெழுத்து உண்மை, ஸ்டாம்ப் உண்மை, மேடைப் போட்டோவும் சாட்சி. டிக் அடித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவோம். இதைக் கணக்கிலிருந்து கண்டுபிடிக்கவே முடியாது.

குடியாத்தம் ஹவில்தார் (ஓய்வு):

மகளே, மாவட்டப் பதிவாளருக்கு எழுத்துல ஒரு புகார் கொடு. முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துல உதவி இயக்குநருக்கும் ஒரு நகல் வை. அப்பாவோட சர்வீஸ் நம்பரைப் போட்டு எழுது. கூட வர ஆள் வேணும்னா நான் வரேன்.

சுபேதார் மகள்:

சரிங்க ஐயா, எழுதித் தரேன். அடுத்த வருஷமும் விழாவுக்குக் கூப்பிட்டாங்க. இந்தத் தடவை அம்மா பேனாவை வாங்கி, 'ரூபாய் ஐயாயிரம் மட்டும்'னு எழுத்தால எழுதிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாங்க. அந்தப் பையன் வவுச்சரைத் தூக்கிக்கிட்டு உள்ளே ஓடினான். யாரோ பெரியவர் வந்து, "உங்களுக்கு வேற வவுச்சர் தரோம்மா"ன்னார். அம்மா தரமாட்டேன்னுட்டாங்க. அவங்களுக்குப் பின்னாடி வரிசையில நின்ன மூணு நாலு பேரும் பேனா கேட்டாங்க.

வேளச்சேரி வாசி:

செயலாளர் இந்தப் பேச்சையெல்லாம் படிச்சுட்டார். சங்கத்துக்கு போன் போட்டு, போன வருஷம் உதவி வாங்கினவங்க ரெண்டு பேர்கிட்ட பேசணும்னு கேட்டிருக்கார். "உங்களுக்கெல்லாம் நாட்டுப்பற்றே இல்லையா சார்?"னு சொல்லி வெச்சுட்டாங்களாம். பணம் கொடிநாள் நிதிக்குப் போகுது. சுபேதார் மகள், அந்த நோட்டீஸ்ல சங்கத்தோட பதிவு எண் இருந்தா அனுப்புங்க, எங்ககிட்ட இருக்கிற ரசீதோட ஒத்துப் பார்க்கணும்.