லாங் ரைடில் சீட் வலி: ஜெல் பேட் போதுமா, ஃபோமையே மாற்றணுமா?

மதுரைக்குப் போகணும்:
வணக்கம். 150 சிசி பைக், மூன்று வருடம் ஓடியது. ஊருக்குள் ஓட்டும்போது ஒரு தொந்தரவும் இல்லை. சென்னையிலிருந்து மதுரைக்குப் போகும்போதுதான் (460 கி.மீ. சுமார்) திண்டிவனம் தாண்டியதும் பின்பக்கம் வலிக்க ஆரம்பிக்கிறது, விழுப்புரத்துக்கு அப்புறம் இடது வலது என்று மாற்றி மாற்றி உட்கார்ந்தே ஓட்ட வேண்டியிருக்கிறது, திருச்சி வருவதற்குள் மரத்தே போய்விடுகிறது. சீட்டைக் கையால் அமுக்கினால் நல்லா மெத்தென்றுதான் இருக்கிறது. ஆன்லைனில் ஜெல் பேட், காற்றடிக்கிற குஷன் எல்லாம் பார்த்தேன். எங்கள் தெரு குஷன் கடைக்காரர் "ரெண்டு இன்ச் ஃபோம் ஏத்திடலாம்" என்கிறார். எதற்குச் செலவு செய்வது? என் உயரம் 5 அடி 5 அங்குலம்.

மேட்டுப்பாளையம் ரோடு:
மெத்தென்று இருக்கிறதுதான் சிக்கலே. நாம் உட்காரும்போது எடை முழுக்க இடுப்பின் அடியில் இருக்கிற இரண்டு எலும்பு முனையில்தான் இறங்குகிறது. ஃபோம் ரொம்ப மிருதுவாக இருந்தால், அல்லது பழசாகி நசுங்கியிருந்தால், முதல் அரை மணி சுகமாக இருக்கும், அப்புறம் எலும்பு நேராக அடியில் உள்ள பிளாஸ்டிக் தட்டில் போய் நிற்கும். கையால் அமுக்காதீர்கள், அது ஒன்றும் காட்டாது. முழங்காலை சீட்டில் ஊன்றி எடை போட்டுப் பாருங்கள், அடித்தட்டு தட்டுப்பட்டால் ஃபோம் முடிந்தது.

இன்னொன்று, வலி சரியாக எங்கே? இரண்டு எலும்பிலா, வால் எலும்பிலா, முன்பக்கமா? பிரேக் பிடிக்கும்போது டேங்க் பக்கம் சரிகிறீர்களா?

மதுரைக்குப் போகணும்:
முழங்கால் வைத்தேன், தட்டுகிறது. வலி இரண்டு எலும்பில். டேங்க் பக்கம் சரிவதும் உண்டு, அடிக்கடி பின்னால் தள்ளி உட்காருவேன், மரத்துப்போவது முன்பக்கம்தான்.

சீட் வேலைக்காரன்:
தம்பி, அப்போ இரண்டு வேலை இருக்கு. ஃபோம் செத்துப்போனது ஒன்று, சீட் முன்னால் சரிந்திருப்பது இன்னொன்று. மேலே ரெண்டு இன்ச் ஏற்றினால் சரிவு அப்படியேதான் இருக்கும், உங்கள் உயரத்துக்கு சிக்னலில் கால் விரல்தான் தரையில் படும். ஏற்ற வேண்டாம், வெட்டி மாற்றச் சொல்லுங்கள். உட்காருகிற இடத்தில் பழைய ஃபோமை எடுத்துவிட்டு ரீபாண்ட் ஃபோம் (தூள் ஃபோமை அழுத்திச் செய்கிற கெட்டி ரகம்) வைத்து, அதன் மேல் அரை இன்ச் மிருதுவான ஃபோம். முன்பக்கம் கொஞ்சம் தூக்கி, உட்காரும் இடம் சமமாக வர வேண்டும், அகலமும் இருக்க வேண்டும். கடையில் எண்பது டென்சிட்டி, நூறு டென்சிட்டி என்பார்கள், அது ஒரு கன மீட்டருக்கு எத்தனை கிலோ என்ற கணக்கு, எவ்வளவு கெட்டி என்பது இல்லை. அதனால் நம்பரை நம்பாமல் துண்டை தரையில் போட்டு உட்கார்ந்து பாருங்கள்.

ரெக்சினைக் கடைசியில் அடிக்கச் சொல்லுங்கள். முதலில் ஃபோமை மட்டும் வைத்து வண்டியில் உட்கார்ந்து பார்த்து, குறைக்க வேண்டியதைக் குறைத்த பிறகுதான் ஸ்டேப்ளர். இதற்குச் சம்மதிக்காத கடை என்றால் வேறு கடை பாருங்கள். உட்காரும் இடத்தில் தையல் வேண்டாம், மழைத்தண்ணீர் அதன் வழியாகத்தான் இறங்கும், ஃபோமுக்கு மேல் ஒரு பாலிதீன் ஷீட் விரித்துவிட்டால் நல்லது.

வெயில் பைக்கர்:
ஜெல் பேட் பற்றி யாரும் சொல்லவில்லையே. செத்த ஃபோம் மேல் அதைப் போட்டால் காசு தண்டம். நம் ஊர் மே மாத வெயிலில் டீக்கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தால் தோசைக்கல்தான். காற்றுக் குஷன் பரவாயில்லை, ஆனால் எல்லோரும் பலூன் மாதிரி ஊதிவிட்டு வழுக்குகிறது என்கிறார்கள். நிறைய ஊதி, அதன் மேல் உட்கார்ந்துகொண்டே காற்றை விட்டுக்கொண்டு வாருங்கள், சீட்டிலிருந்து லேசாகத் தூக்கினால் போதும்.

பில்லியன் சீட்:
பின்னால் உட்காருகிறவர்களையும் நினையுங்கள்! எங்களுக்கு ஃபோம் இன்னும் மெலிசு. இரண்டு பேர் போகும்போது பின் ஷாக்கில் இருக்கிற ஸ்பிரிங் அட்ஜஸ்டரை ஒன்றிரண்டு படி கூட்டச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு பள்ளத்திலும் ஷாக் அடி தட்டும், அதை சீட்டின் தலையில் போட்டுவிடுவோம். அப்புறம் ஜீன்ஸ் வேண்டாம், நடுவில் நான்கு தையல் சேருகிற இடம் ஒன்று போதும் வலிக்க. சைக்கிள்காரர்கள் போடுகிற பேட் வைத்த ஷார்ட்ஸை உள்ளே போட்டுக்கொள்ளுங்கள்.

மேட்டுப்பாளையம் ரோடு:
ஷார்ட்ஸுக்கு என் ஓட்டும். எந்த சீட் போட்டாலும் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடக்கத்தான் வேண்டும், நேரான நல்ல ரோட்டில் ஃபுட்ரெஸ்ட்டில் கொஞ்சம் எழுந்து நின்றாலும் ரத்தம் ஓடும். இறங்கின பிறகும் மரமரப்பு போகவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள், அதற்கு ஃபோம் மருந்தில்லை.

மதுரைக்குப் போகணும்:
எல்லோருக்கும் நன்றி. ஜெல் பேடை கார்ட்டிலிருந்து எடுத்துவிட்டேன். ஒரே சந்தேகம், ஒரிஜினல் ஃபோமையே வெட்டலாமா?

சீட் வேலைக்காரன்:
வெட்டாதீங்க. புதுப்பேட்டையில் தேடினால் உங்கள் வண்டிக்குப் பழைய சீட் ஒன்று கிடைக்கும், கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, அடித்தட்டு உடையாமல், பூட்டு மாட்டுகிற கொக்கி சரியாக இருந்தால் போதும். வேலையை அதில் செய்யச் சொல்லுங்கள். ஒரிஜினலை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், வண்டி விற்கும்போது வாங்குகிறவர் முதலில் சீட்டைத்தான் பார்ப்பார்.