நீலகிரியின் கேத்திப் பள்ளத்தாக்கு ஓடையை ஆழப்படுத்தலாமா?

அடிக்காடு: பள்ளத்தாக்கின் அடியில் எனக்கு ஒன்றரை ஏக்கர் கேரட். கனமழை பெய்தால் இரண்டு நாள் தண்ணீர் நிற்கிறது, கிழங்கு அழுகிவிடுகிறது. ஓடை மேடாகி, வளைந்து வளைந்து ஓடுகிறது. பொக்லைன் விட்டு நேராக்கி ஆறடி ஆழப்படுத்தினால்தான் பிழைப்போம். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டியதை நான் மறக்கவில்லை.

நீர்போகம்: அண்ணா, உங்கள் நஷ்டம் புரிகிறது. ஆனால் அந்த ஆறடிப் பள்ளம் பக்கத்துக் கிணற்று நீரையும் சேர்த்து இழுத்துவிடும். ஜனவரியில் நீர்போகம், அதாவது பாசனத்தை நம்பிய பயிர், போடும்போது ஸ்பிரிங்ளருக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும்? அடிநிலம் ஒரு காலத்தில் சதுப்பு. மழையைக் குடித்து, கோடையில் கொஞ்சம் கொஞ்சமாக விட்ட மண் அது. நேராக்கினால் வேகம் கூடி, கரை அறுத்துக்கொண்டு கீழே இருப்பவர் காட்டில் போய் விழும்.

அடிக்காடு: சரி, ஓடை ஏன் மேடானது? மேலே சரிவோடு பாத்தி பிடிக்கிறார்களே, அந்த மண்தான் இங்கே வருகிறது. முதலில் அவர்களிடம் சொல்லுங்கள்.

மேல்சரிவு: என்னைத்தான் சொல்கிறீர்கள். குறுக்கே பாத்தி பிடித்துப் பார்த்தேன். ஆடி மழையில் தண்ணீர் தேங்கி உருளைக்கிழங்கு முழுவதும் அழுகியது. சரிவைப் படிபடியாகச் சமன்செய்து படிமட்டம் வெட்டச் சொல்வது சுலபம். மேல்மண் புரண்டு அடிமண் வெளியே வந்தால் இரண்டு வருஷம் விளைச்சல் கிடையாது. நான் குத்தகைக்காரன், அந்த இரண்டு வருஷம் கழித்து நிலம் யார் கையில்?

நீர்போகம்: குத்தகை விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நியாயம், செலவில் நிலச் சொந்தக்காரரும் பங்கெடுக்க வேண்டும். ஆனால் குறுக்குப் பாத்தி அழுகியதற்குக் காரணம் வடிகால் இல்லாததுதான். மழை அதிகமுள்ள இடத்தில் படி மலைப்பக்கமாக உள்ளே சாய வேண்டும். சுவரடியில் ஒரு கால்வாய், அது பக்கவாட்டில் லேசான இறக்கத்தோடு போய், கல் பதித்த பொது வடிகாலில் விழ வேண்டும். ஊட்டியில் 1954 முதல் மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. வெட்டும் முன் அங்கே ஒரு நடை கேட்டுவிட்டு வாருங்கள். மேல்மண்ணைத் தனியே ஒதுக்கிவைத்து, வெட்டி முடித்ததும் திரும்பப் பரப்பினால் விளைச்சல் அவ்வளவு அடிபடாது.

மேல்சரிவு: பொது வடிகால் யார் நிலத்தில் இறங்கும்? எனக்கும் ஓடைக்கும் நடுவில் நான்கு பேர் காடு இருக்கிறது.

அடிக்காடு: என் ஓரத்தில் மூன்றடி விடுகிறேன், வண்டல் பிடிக்கும் குழியும் அங்கேயே தோண்டலாம். ஆழப்படுத்தும் பேச்சை விட்டுவிடுகிறேன், ஆனால் படிந்த மண்ணை இந்தக் கோடையிலேயே வாரியாக வேண்டும், அதில் மாற்றமில்லை. நடுவில் உள்ள நான்கு பேரையும் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுங்கள்.