மறு: [கலைச்சொல்] நிறுத்தி வைத்த கேரவனில் விளக்குக் கட்டுப்படுத்தி இழுக்கும் மின்சாரம்

> அனைவருக்கும் வணக்கம். புதுச்சேரியில் கேரவன் வண்டிகளுக்கு 12 வோல்ட் எல்.இ.டி. விளக்கு பொருத்தும் பட்டறை ஒன்றுக்குத் தமிழில் கையேடு எழுதித் தருகிறேன். (சினிமாக்காரர் வண்டி மட்டுமில்லை, குடும்பத்தோடு ஊர் சுற்றும் வண்டிகளும்தான்.) கைபேசியிலிருந்தே விளக்கைப் போடவும் அணைக்கவும் வெளிச்சத்தைக் குறைக்கவும் கம்பியில்லாக் கட்டுப்படுத்திகள் வைக்கிறார்கள். விளக்கெல்லாம் அணைந்திருந்தாலும், கட்டளை வருகிறதா என்று கவனித்துக்கொண்டே இருப்பதற்கு அவை கொஞ்சம் மின்சாரம் எடுக்கின்றன. இதற்கு ஒட்டுண்ணி மின்னோட்டம், கசிவு மின்னோட்டம், காத்திருப்பு மின்னோட்டம் என்று மூன்று சொல் கைவசம் உள்ளன. எதை வைக்கலாம்?

வணக்கம்.

மூன்றில் 'கசிவு' மட்டும் வேண்டவே வேண்டாம். அது ஏற்கெனவே வேறொன்றின் பெயர். கம்பியின் காப்பு உறை கெட்டோ, ஈரம் கோத்தோ, போகக் கூடாத வழியில் போகிற மின்சாரம்தான் கசிவு. வீடுகளில் 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கிற கருவியை வைக்கிறோம். உங்கள் கையேட்டில் 'கட்டுப்படுத்தியின் கசிவு 30 மில்லிஆம்பியர்' என்று படிக்கிறவர், ஷாக் அடிக்குமோ என்று வண்டியைத் தொடவே யோசிப்பார்.

இன்னொன்று, எங்கள் கடலூர்ப் பக்கம் நிஜமான கசிவுக்கும் பஞ்சமில்லை. தேவனாம்பட்டினம் கடற்கரையை ஒட்டி வண்டியைப் போட்டு வைத்தால் உப்புக் காற்றில் இணைப்பு முனைகளில் பச்சைக் களிம்பு ஏறும். அதில் ஈரமும் சேர்ந்தால் இரண்டு முனைக்கும் நடுவே மின்சாரத்துக்கு ஒரு குறுக்கு வழி கிடைத்துவிடும். புதுச்சேரிக் கடற்கரையிலும் இதே கதைதான். ஆக, உங்கள் கையேட்டுக்கு இரண்டுமே தேவைப்படும், இரண்டுக்கும் வேறு வேறு பெயர் வேண்டும்.

பழுது பார்க்கிறவர் செய்வதைப் பாருங்கள். விளக்கெல்லாம் அணைத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றி, முனைக்கும் கம்பிக்கும் நடுவே மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைக்கிறார். 0.17 காட்டுகிறது. விளக்குக்கான பியூஸைப் பிடுங்குகிறார், 0.02க்கு இறங்குகிறது. குறைந்த 0.15 ஐந்து கட்டுப்படுத்திகளின் கணக்கு. மற்ற பியூஸ்களையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கிய பிறகும் அந்த 0.02 அசையாமல் நிற்கிறது. யாரோ பேட்டரியிலேயே நேராக எதையாவது கோத்திருக்க வேண்டும், இல்லையென்றால் அது கசிவு. அந்த 0.15 கருவியின் இயல்பு, அதைச் சகித்துக்கொள்ளலாம். 0.02 கசிவாக இருந்தால் தேடிப் பிடித்துச் சுத்தம் செய்ய வேண்டும். இரண்டையும் 'கசிவு' என்று எழுதினால் அவர் எந்த இடத்தில் தேடுவதை நிறுத்துவார்?

சிறிய அளவுதானே என்று விடவும் முடியாது. வைஃபை சில்லு கட்டளைக்காகக் கவனித்துக்கொண்டிருக்கும்போது 3.3 வோல்ட்டில் சுமார் 80 மில்லிஆம்பியர் எடுக்கும். 12 வோல்ட்டை நல்ல மாற்றி வைத்து இறக்கினால் பேட்டரியிலிருந்து போவது 30 அளவில் நிற்கும். ஐந்து கட்டுப்படுத்திக்கு 150, ஒரு நாளைக்கு 3.6 ஆம்பியர்-மணி, பதினான்கு நாளில் 50. 100 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்காமல் இருப்பது நல்லது என்பதால், இரண்டு வாரத்திலேயே கதை முடிந்தது. மலிவான கட்டுப்படுத்தியில் மாற்றிக்குப் பதில், மிச்ச வோல்ட்டைச் சூடாக்கியே வீணடிக்கிற சீராக்கி இருந்தால் 80ம் அப்படியே பேட்டரியிலிருந்து போகும். அப்போது ஐந்தே நாள்தான். விடுமுறை முடிந்து வண்டியைக் கொட்டகையில் விட்டவர் அடுத்த பயணத்துக்கு வந்து பார்க்கும்போது ஒரு விளக்கும் எரியாது.

'ஒட்டுண்ணி' ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்த சொல். காசு கொடுத்து வாங்கி நாமே பூட்டிய கருவியை ஒட்டுண்ணி என்பது கொஞ்சம் அநியாயம். பட்டறையில் ஒருவரும் அப்படிச் சொல்லப் போவதுமில்லை. 'திருட்டு கரண்ட்' என்று யாராவது கிளம்புவதற்கு முன் அதற்கும் தடை போட்டு வைக்கிறேன், நம் ஊரில் அதற்குக் கொக்கி போடுவது என்றுதான் பொருள்.

'காத்திருப்பு' பரவாயில்லை, கேட்டதும் புரிகிறது. ஆனால் இந்தத் துறையில் ஒரு பைசா செலவில்லாமல் காத்திருக்கும் பொருள்களும் உண்டு. ஒரு முறை தட்டினால் அந்த நிலையிலேயே நின்றுவிடும் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) இருக்கிறதே, அடுத்த தட்டு வரும்வரை அதற்கு மின்சாரமே வேண்டாம். சுவரில் ஒட்டும் ஜிக்பீ (குறைந்த மின்சாரத்தில் ஓடும் ஒரு கம்பியில்லா முறை) பொத்தான், அழுத்தும் வரை தூங்குகிறது. தூக்கத்தில் அது எடுப்பது சில மைக்ரோஆம்பியர் என்பதால் ஒரு சின்ன பொத்தான் பேட்டரியிலேயே மாதக்கணக்கில் ஓடும். இவையும் காத்திருக்கின்றனதான். வைஃபை கட்டுப்படுத்திக்கு மட்டும் இவ்வளவு ஏன் என்றால், அது கண்ணை மூடாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

ஆகவே என் முன்மொழிவு: விழிப்பு மின்னோட்டம். அட்டவணையில் இடம் போதாவிட்டால் விழிப்போட்டம். பொத்தான் தூங்கும்போது எடுப்பது துயில் மின்னோட்டம், துயிலோட்டம். சில்லுகளின் தரவுத்தாளில் இரண்டையும் தனித்தனியாகத்தான் தருகிறார்கள், தமிழிலும் அந்த வேறுபாடு நிற்கும்.

மஞ்சக்குப்பம்

---

அண்ணா, வணக்கம். சொல் நன்றாக இருக்கிறது. ஆனால் 'விழிப்பு' என்றதும் எனக்கு விழிப்புணர்வுப் பேரணிதான் கண்முன் வருகிறது. கார்த் துறையில் இதையே இருள் மின்னோட்டம் என்று பொருள்படும்படியும் சொல்கிறார்கள், அதை எடுத்தால் என்ன? என் மெக்கானிக் இரண்டையும் சொல்ல மாட்டார். 'சும்மா இருக்கும்போது எவ்ளோ கரண்ட் இழுக்குது' என்றுதான் கேட்பார். 'சும்மா இழுப்பு' என்று வைத்துவிட்டால்?

நெல்லித்தோப்பு

---

தம்பி, இருள் மின்னோட்டத்தை இயற்பியல்காரர்கள் முன்பே எடுத்துக்கொண்டார்கள். ஒளியை உணரும் கருவியில் ஒளியே படாதபோதும் ஓடுகிற மின்னோட்டம் அது. விளக்கைப் பற்றிய கையேட்டில் 'இருள்' வந்தால் குழப்பம் இரட்டிப்பாகும். பேரணி ஞாபகம் வருவது உண்மைதான், அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் பக்கத்தில் 'மின்னோட்டம்' வந்து நின்றதும் பேரணி கலைந்துவிடும்.

'இழுப்பு' எனக்கும் பிடித்த சொல், பட்டறைச் சொல். தலைப்பில் தனியாக நின்றால் பாட்டிமார்கள் மூச்சிழுப்புக்கு மருந்து தேடி வருவார்கள், அவ்வளவுதான் பயம். வாக்கியத்துக்குள் வினையாக வரட்டும், யாரும் தடுக்கப் போவதில்லை.

மஞ்சக்குப்பம்

---

இருவருக்கும் நன்றி. கையேட்டில் இப்படி எழுதியிருக்கிறேன், திருத்தம் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்:

'விழிப்பு மின்னோட்டம்: விளக்கு அணைந்திருக்கும்போதும் கட்டுப்படுத்தி கட்டளையைக் கேட்பதற்காக இழுக்கும் மின்சாரம். ஒரு கட்டுப்படுத்திக்குச் சுமார் 30 மி.ஆ. வண்டியை ஒரு வாரத்துக்கு மேல் நிறுத்தி வைப்பதானால் பேட்டரிக்குப் பக்கத்தில் உள்ள பிரதான சுவிட்சை அணைக்கவும். அணைத்த பின் கைபேசியிலிருந்து விளக்கைப் போட முடியாது.'

கடைசி வாக்கியம் அவசியமா என்று பட்டறைக்காரர் கேட்டார். அது இல்லாவிட்டால் கட்டுப்படுத்தி கெட்டுவிட்டது என்று வண்டியோடு திரும்பி வருவார்கள் என்றேன். சரி, இருக்கட்டும் என்றார்.