ஒழிபுப்பாடல்: தொகுப்பில் இடம்பெறாத பாடலுக்கு ஒரு சொல்

மடற்குழு நண்பர்களுக்கு வணக்கம்.

அவுட்டேக், அதாவது ஒரு தொகுப்புக்காக உருவாகி அதில் இடம்பெறாமல் நின்ற பாடல், என்பதற்குத் தமிழ்ச்சொல் கேட்டுத் தொடங்கிய இந்த இழை, மைக்கேல் ஜாக்சனின் 'பேட்' தொகுப்பில் 'ஸ்ட்ரீட்வாக்கர்' இருந்திருக்க வேண்டுமா, கூடாதா என்ற வழக்காக மாறிவிட்டது. பேச்சு தடம் புரண்டுவிட்டதாகச் சிலர் குறைப்பட்டிருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ரசிகர்கள் எதை முன்வைத்து வாதிடுகிறார்கள் என்று தெரியாமல், அவர்கள் புழங்கப்போகும் சொல்லை நாம் ஆக்க முடியாது.

> விலக்குப்பாடல், கழிபாடல், மிகைப்பாடல் மூன்றும் நல்ல தமிழ்தானே? ஒன்றைத் தேர்ந்து முடித்துவிடலாமே?

நல்ல தமிழ்தான், ஐயா. ஆனால் முதல் இரண்டும் தீர்ப்புச் சொல்லிவிடுகின்றன. கழித்ததும் விலக்கியதும் தரம் குறைந்தவை என்ற எண்ணம் அந்தச் சொற்களோடு ஒட்டிக்கொண்டே வரும். ரசிகர்களின் வாதமே அந்தத் தீர்ப்பைப் பற்றியது. வழக்கு நடக்கும்போதே ஒரு தரப்பைக் குற்றவாளி என்று அழைக்கும் சொல் கலைச்சொல்லாகாது.

'த்ரில்லர்' தொகுப்பை எடுத்துக்கொள்வோம். 1982இல் ஒன்பது பாடல்களுடன் வந்தது. அதில் 'கேரசல்' என்ற பாடலுக்கு ஓர் இடம் ஏறத்தாழ உறுதியாகியிருந்தது. டோட்டோ என்ற ராக் இசைக்குழுவிடமிருந்து தயாரிப்பாளர் குவின்சி ஜோன்ஸுக்கு வந்த ஒலிநாடாவில், அனுப்ப நினைத்த பாடல்களுக்குப் பின்னால் ஸ்டீவ் போர்காரோவின் அரைகுறை மெட்டு ஒன்றும் பதிவாகியிருந்தது. நாடா நிறுத்தப்படாமல் ஓடியதால் அது ஜோன்ஸின் காதில் விழுந்தது. ஜான் பெட்டிஸ் வரிகள் எழுத, அதுவே 'ஹியூமன் நேச்சர்' ஆயிற்று, 'கேரசல்' வெளியேறியது. 2001ஆம் ஆண்டுச் சிறப்புப் பதிப்பில் அதன் ஒரு பகுதியைக் கேட்டவர்கள் அது மோசமான பாடல் என்று சொல்ல மாட்டார்கள். அதைவிட ஒரு நல்ல பாடல் கடைசி நேரத்தில் வந்து சேர்ந்தது, அவ்வளவுதான். இதைக் கழிபாடல் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

இடப் பற்றாக்குறையையும் மறந்துவிடக் கூடாது. நீள்இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் நேரம் கூடக்கூட வரிப்பள்ளங்களை நெருக்கமாக வெட்ட வேண்டியிருக்கும். நெருக்கினால் ஒலியளவு குறையும்; முதலில் அடிபடுவது கனத்த தாழ்சுரங்கள். 'த்ரில்லர்' முதலில் தட்டில் வெட்டப்பட்டபோது ஒரு பக்கத்துக்கு நேரம் அதிகமாகி, ஒலி சகிக்க முடியாதபடி வந்தது. குழுவினர் பாடல்களைச் சுருக்கி, ஒவ்வொன்றாக மீண்டும் ஒலிக்கலவை செய்தார்கள். 'தி லேடி இன் மை லைஃப்' பாடலில் ஒரு சரணமே போயிற்று. பாடல் தேர்வில் சுவைக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அவ்வளவு பங்கு இந்த நிமிடக் கணக்குக்கும் உண்டு.

'ஸ்ட்ரீட்வாக்கர்' வாதத்தில் இந்தக் கணக்கை யாரும் போட்டுப் பார்க்கவில்லை. 1987இல் 'பேட்' வந்தபோது இசைத்தட்டில் பத்துப் பாடல்கள். கடைசி இடத்துக்கு 'ஸ்ட்ரீட்வாக்கர்', 'அனதர் பார்ட் ஆஃப் மீ' இரண்டும் போட்டியிட்டன. ஜோன்ஸ் பின்னதையே விரும்பினார், அதுவே நின்றது. அது முந்தைய ஆண்டே டிஸ்னி பூங்காக்களில் காட்டப்பட்ட 'கேப்டன் ஈஓ' படத்தில் ஒலித்திருந்ததால், புதுத் தொகுப்பில் பழைய பாடல் எதற்கு என்று ரசிகர்கள் இன்றும் கேட்கிறார்கள். நான் அந்தத் தரப்பில் இல்லை. இரண்டாம் பக்கத்தைத் திறந்துவைக்க அதைவிடப் பொருத்தமான பாடல் அந்த ஒலிப்பதிவு அமர்வுகளில் இல்லை. வெளியேற வேண்டியது முதல் பக்கத்தின் கடைசியில் இருக்கும் 'ஜஸ்ட் குட் ஃபிரெண்ட்ஸ்' என்பதே என் எண்ணம். ஸ்டீவி வொண்டரும் ஜாக்சனும் சேர்ந்து பாடியும் அந்தப் பாடல் எங்கும் போய்ச் சேரவில்லை. 'பேட்' தொகுப்பிலிருந்து ஒன்பது பாடல்கள் தனியாக வெளியிடப்பட்டன. அந்த வரிசையில் இதற்கு இடமில்லை என்பதையும் பாருங்கள். ஆனால் அது நான்கு நிமிடத்தைச் சற்றே தாண்டும் பாடல். 'ஸ்ட்ரீட்வாக்கர்' ஏறத்தாழ ஆறு நிமிடம். முதல் பக்கம் ஏற்கெனவே சுமார் 21 நிமிடம். பாடலை வெட்டாமல் இடம் மாற்ற முடியாது. வெட்டினால் எந்தப் பகுதியை என்பதே அடுத்த வாதம்.

இனி, மிகைப்பாடல். இது எனக்கு மிகவும் பிடித்த சொல். அதனால்தான் இதை இங்கே வீணாக்க வேண்டாம் என்கிறேன். கம்பராமாயணப் பதிப்புகளில் மிகைப்பாடல்கள் என்று தனியே அச்சிடுகிறார்களே, அவை கவிஞருடையவைதாமா என்று பதிப்பாசிரியர் ஐயுறும் பாடல்கள். சில ஏடுகளில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. 'ஸ்ட்ரீட்வாக்கர்' விஷயத்தில் அப்படி ஓர் ஐயமே கிடையாது. எழுதியவர் ஜாக்சன், பாடியவர் ஜாக்சன். தொகுப்பில் இடம் கிடைக்கவில்லை என்பது மட்டுமே குறை.

மிகைப்பாடல் என்ற சொல் உண்மையிலேயே தேவைப்படும் இடம் இவருடைய வரலாற்றிலேயே இருக்கிறது. அவர் மறைந்தபின் 2010இல் வந்த 'மைக்கேல்' தொகுப்பில் 'பிரேக்கிங் நியூஸ்', 'கீப் யுவர் ஹெட் அப்', 'மான்ஸ்டர்' ஆகிய மூன்று பாடல்களின் குரல் அவருடையதுதானா என்று ரசிகர்கள் ஐயம் எழுப்பினார்கள். வழக்கும் நடந்தது. 2022இல் அந்த மூன்றும் இணைய இசைச் சேவைகளிலிருந்து நீக்கப்பட்டன. நீக்கத்துக்கும் குரலின் உண்மைத்தன்மைக்கும் தொடர்பில்லை என்று வெளியீட்டுத் தரப்பு கூறியது. உண்மை எதுவாக இருந்தாலும், 'இவருடையதா?' என்ற கேள்வி வேறு, 'இந்தத் தொகுப்பில் இருக்க வேண்டியதா?' என்ற கேள்வி வேறு. இரண்டுக்கும் ஒரே சொல்லைக் கொடுத்தால் நம் கட்டுரைகளில் குழப்பமே மிஞ்சும். முதல் கேள்விக்கு உரியவற்றுக்கே மிகைப்பாடல் இருக்கட்டும்.

நான் முன்வைப்பது ஒழிபுப்பாடல்.

யாப்பிலக்கண நூலான யாப்பருங்கலக் காரிகையின் மூன்று இயல்களில் கடைசி ஒழிபியல். உறுப்பியலிலும் செய்யுளியலிலும் சொல்லாமல் விட்டவற்றை அமிதசாகரர் அங்கே சொல்கிறார். அவை தாழ்ந்தவை என்று யாரும் கருதியதில்லை. முன்னே இடம் கிடைக்காமல் எஞ்சியவை, பின்னே தொகுக்கப்பட்டன. வெளிவராத பாடல்கள் பின்னாளில் சிறப்புப் பதிப்பில் வந்து சேர்வதும் இதுவே. நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் சொல்லை எடுத்துக்கொள்கிறோம்.

ஒழிபு என்றால் வறுமை ஒழிப்புதான் நினைவுக்கு வரும் என்று ஓர் அம்மையார் முன்பே எச்சரித்திருக்கிறார். நியாயமான எச்சரிக்கை. ஆனால் ஒழித்தல் பிறவினை, அதிலிருந்து ஒழிப்பு. ஒழிதல் தன்வினை, அதிலிருந்து ஒழிபு. பழைய உரைகளில் 'ஒழிந்தன' என்றால் 'மற்றவை' என்றே பொருள். ஒரே ஒரு ஒற்றெழுத்துதான் வேறுபாடு என்பதை ஒப்புக்கொள்கிறேன்; பழகினால் கண் பிரித்துக்கொள்ளும். விடுபாடல் இதைவிட எளிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் வெளியிட்ட பாடல் என்றும் அதைப் படிக்கலாம், நேர் எதிர்ப்பொருள் வந்துவிடும். எச்சப்பாடல் இலக்கணப்படி சரி. தொல்காப்பியத்தில் எச்சவியலே இருக்கிறது. இன்றைய வாசகர் காதில் அந்தச் சொல் நன்றாக விழாது.

அடுத்து, போனஸ் டிராக், அதாவது தொகுப்பின் வழக்கமான பாடல்களுக்கு மேல் கூடுதலாகச் சேர்க்கும் பாடல்.

> கொசுறுப்பாடல்! இதைவிடத் தமிழாக ஒன்று வருமா?

வராது. ஒத்துக்கொள்கிறேன். கடைக்காரர் நிறுத்துக் கொடுத்ததற்கு மேல் ஒரு கை அள்ளிப் போடுவது கொசுறு. அது இலவசம், அதனால் அன்பு கலந்தது. சிறப்புப் பதிப்பில் வரும் பாடல்கள் இலவசமல்ல. ஏற்கெனவே வாங்கிய ரசிகர் இரண்டு பாடல்களுக்காக முழுத் தொகுப்பையும் மறுபடி விலை கொடுத்து வாங்குகிறார். பேச்சுவழக்கில் கொசுறு வாழட்டும்; கட்டுரையிலும் அகராதியிலும் பிற்சேர்க்கைப் பாடல் இருக்கட்டும்.

ஆனால் பிற்சேர்க்கை என்பதும் எல்லா இடத்திலும் பொருந்தாது. மறுபடியும் 'பேட்'தான் இடைஞ்சல் செய்கிறது. 'லீவ் மீ அலோன்' இசைத்தட்டில் இல்லை. அதே 1987இல் வெளிவந்த குறுந்தகட்டில் பதினோராவது பாடலாக இருந்தது. பிறகு சேர்த்ததல்ல, முதல் நாளிலிருந்தே இருந்தது, ஆனால் ஒரு வடிவத்தில் மட்டும். அந்தப் பாடலின் காணொளி 1990இல் கிராமி விருது பெற்றது. தட்டு வாங்கியவர் அது தொகுப்பில் இல்லை என்பார், குறுந்தகடு வாங்கியவர் இருக்கிறது என்பார். இருவரும் உண்மையே சொல்கிறார்கள். இப்படிப்பட்டதற்கு உடன்சேர்க்கைப் பாடல் என்று ஒரு சொல் வேண்டும். பின்னால் சேர்ந்தது பிற்சேர்க்கை, கூடவே வந்தது உடன்சேர்க்கை.

மடோனாவின் 'இன்டு த குரூவ்' இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. 'லைக் எ வர்ஜின்' 1984இல் வந்தபோது அந்தப் பாடல் அதில் இல்லை. 1985இல் அமெரிக்காவுக்கு வெளியே மறுபதிப்பு வந்தபோது அது சேர்க்கப்பட்டது. அமெரிக்காவிலோ 'ஏஞ்சல்' என்ற பாடலின் பன்னிரண்டு அங்குலத் தட்டில் மறுபக்கத்தில் வந்தது. பிரிட்டனில் மடோனா முதன்முறையாக முதலிடம் பிடித்த பாடல் அது. ஐரோப்பிய ரசிகருக்கு அது தொகுப்பின் பிரிக்க முடியாத பாடல், அமெரிக்க ரசிகருக்குத் தொகுப்புக்கு வெளியே நிற்கும் மறுபக்கப்பாடல். நான் திரும்பத் திரும்பச் சொல்ல விரும்புவது இதைத்தான்: ஒழிபு, பிற்சேர்க்கை, மறுபக்கம் எல்லாமே ஒரு பாடலுக்கும் ஒரு குறிப்பிட்ட பதிப்புக்கும் இடையிலுள்ள உறவைக் குறிப்பவை. பாடலின் தன்மையைக் குறிப்பவை அல்ல. ஆகவே அகராதிப் பதிவில் 'எந்தப் பதிப்பைப் பொறுத்து' என்ற குறிப்பு கட்டாயம் வேண்டும்.

சிங்கிள் என்பதற்குத் தனிப்பாடல் என்பதில் எல்லாரும் உடன்படுகிறீர்கள் என்று நினைக்கிறேன். எந்த நூலிலும் அடங்காத செய்யுள்களைத் திரட்டியபோது அவற்றை அப்படித்தான் அழைத்தார்கள். தொகுப்பில் இருந்துகொண்டே தனியாகவும் வெளியாவது உண்டே என்று கேட்டால், அதைத் தனிவெளியீடு என்று சொல்லிவிடலாம். பீட்டில்ஸ் குழுவினரின் 'ஸ்ட்ராபெர்ரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்', 'பென்னி லேன்' இரண்டும் முறையான பொருளில் தனிப்பாடல்கள். 'சார்ஜன்ட் பெப்பர்' தொகுப்புக்கான அமர்வுகளில் பதிவானவை. நிறுவனம் அவசரமாகத் தனித்தட்டு கேட்டதால் 1967 பிப்ரவரியில் வெளிவந்தன. தனித்தட்டில் வந்ததை மறுபடி தொகுப்பில் வைத்து ரசிகரிடம் இருமுறை காசு வாங்கக் கூடாது என்ற வழக்கத்தால் தொகுப்பில் இடம்பெறவில்லை. தம் தொழில்வாழ்வின் மிகப் பெரிய பிழை அது என்று தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் பிற்காலத்தில் வருந்தினார். அவரே வருந்தினாலும் இவற்றை ஒழிபுப்பாடல் என்று சொல்லக் கூடாது. இவை வெளிவந்தவை, வெளிவராமல் நின்றதற்கே அந்தப் பெயர். அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்காவில் 'மேஜிக்கல் மிஸ்டரி டூர்' தொகுப்பில் இரண்டையும் வைத்தார்கள். ஆக அவை தனிப்பாடல், அமெரிக்கப் பதிப்பில் தொகுப்புப்பாடல்.

டெய்லர் ஸ்விஃப்டின் பெட்டகப் பாடல்கள் பற்றியும் கேட்டிருந்தார்கள். 2021இல் மறுபதிவு செய்த 'ரெட்' தொகுப்பில் அப்படி ஒன்பது பாடல்கள் வந்தன. பழைய காலத்தில் எழுதி, தொகுப்பில் சேராமல் நின்ற பாடல்கள். ஆனால் நம் காதில் விழுவது புதிய பதிவு. 'ஸ்ட்ரீட்வாக்கர்' அப்படியல்ல, அன்றைய குரலே இன்று கேட்கிறது. இந்த வேறுபாட்டைக் காட்ட, பழைய ஒலிப்பதிவே வெளிவந்தால் ஒழிபுப்பதிவு என்றும், பாடல் மட்டும் பழையது என்றால் ஒழிபுப்பாடல் என்றும் எழுதலாம். பெட்டகப் பாடல் அவர் தம் பாடல்களுக்கு இட்ட பெயரின் தமிழாக்கமாக மட்டும் நிற்கட்டும். பிறருடைய பாடல்களுக்கு அதை நீட்ட வேண்டாம்.

சொல் வாக்கியத்தில் உட்காருகிறதா என்று பார்க்க இரண்டு வாக்கியங்கள் எழுதிப் பார்த்தேன். "பேட் தொகுப்பின் ஒழிபுப்பதிவுகளில் ஸ்ட்ரீட்வாக்கர் 2001ஆம் ஆண்டுப் பதிப்பில் பிற்சேர்க்கையாக வந்தது." "லீவ் மீ அலோன் குறுந்தகட்டில் உடன்சேர்க்கை, இசைத்தட்டில் இல்லை." இரண்டும் விளக்கம் தேவையின்றி நிற்கின்றன என்றே நினைக்கிறேன்.

டெமோ என்பதற்கு மாதிரிப்பதிவு, முன்பதிவு இரண்டும் வந்திருக்கின்றன. முன்பதிவு பயணச்சீட்டுக்குப் போய்விட்ட சொல், அதை மீட்க வேண்டாம். 'ஸ்டார்லைட்' என்ற பெயரில் தொடங்கி வரிகள் மாறி 'த்ரில்லர்' ஆன பாடலின் முதல் பதிவு போன்றவற்றை ஒழிபுப்பதிவில் சேர்ப்பதா, மாதிரிப்பதிவில் சேர்ப்பதா என்று இந்த இழையிலேயே பேசிவிட்டு, பிறகு சொற்பட்டியலைக் குழுக் கோப்பில் ஏற்றலாம். 'ஜஸ்ட் குட் ஃபிரெண்ட்ஸ்' பாடலுக்காக வாதாட விரும்புகிறவர்களும் தயங்காமல் எழுதுங்கள்.

அன்புடன்,
குழு உறுப்பினன்