நோட்டீஸ் அடித்துக் கொடுத்தோம், அதில் கருவாடு மடிக்கிறார்கள்

கரைவலை_தம்பி:
மண்டபம் பக்கம் ஒரு மீனவர் குடியிருப்பில் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து வயிற்றுப்போக்கு பற்றி 500 நோட்டீஸ் கொடுத்தோம். "நீரிழப்பு", "உப்புச் சர்க்கரைக் கரைசல்" என்று எல்லாம் விளக்கமாகத்தான் போட்டிருந்தோம். அடுத்த வாரம் போனால் எனக்கே அதில்தான் நெத்திலிக் கருவாடு மடித்துத் தந்தார்கள். அதுகூடப் பரவாயில்லை. ஒரு அம்மா, ஒரு லிட்டர் தண்ணீரில் முழுசாகக் கலக்க வேண்டிய ஓ.ஆர்.எஸ். (உப்புச் சர்க்கரைப் பொடி) பெரிய பாக்கெட்டில் பாதியை ஒரு டம்ளரில் கொட்டிப் பேரனுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார், மீதி நாளைக்காம், மடித்து அஞ்சறைப் பெட்டியில் வைத்திருக்கிறார். பலருக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். வேறு எப்படித்தான் சொல்வது?

பழைய_நர்சம்மா:
தம்பி, நோட்டீஸை விடுங்கள். நான் வேலையில் இருந்தபோது காலி ஒரு லிட்டர் பாட்டில் எப்போதும் பையில் கிடக்கும். பெரிய பாக்கெட் முழுசும் அதில் கொட்டிக் குலுக்கிக் காட்டிவிட்டு, அவர்களையே ஒருமுறை செய்யச் சொல்வேன். 200 மில்லிக்கான சின்னப் பாக்கெட்டும் வருகிறது, இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டாவிட்டால் குழப்பம்தான். கெட்டியாகக் கலந்தால் உப்பு அதிகமாகிப் பிள்ளைக்கு இன்னும் மோசமாகும். கலந்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. அப்புறம் ஜிங்க் மாத்திரை. போக்கு நின்றதும் நிறுத்திவிடுவார்கள், 14 நாள் கொடுக்கணும். நான் அவர்கள் வீட்டுக் காலண்டரிலேயே கோடு போட்டுவிட்டு வருவேன்.

நெட்டுக்காரன்:
வாட்ஸ்அப்பில் வீடியோ போட்டால் வேலை முடிந்தது. சந்தேகம் இருந்தால் 104 மருத்துவ ஆலோசனை எண்ணுக்குப் போன் பண்ணட்டும்.

பாசிக்காரி_மகன்:
எந்தப் போன் அண்ணே? வீட்டில் இருக்கிற ஒரே போன் அப்பாவோடு வள்ளத்தில் போய்விடும். அம்மா விரலில் துணி சுற்றிக்கொண்டு கடல்பாசி எடுக்க இறங்கினால் மத்தியானம்தான் கரை. பதினொரு மணிக்குக் கூட்டம் போட்டுவிட்டு "யாரும் வரவில்லை" என்று புலம்புவதை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! பாசி எடை போடுகிற இடத்துக்கு வாருங்கள், முறை வரும்வரை சும்மாதான் உட்கார்ந்திருப்பார்கள். பாம்பனில் கடல் ஓசை 90.4 இருக்கிறது, மீனவர்களுக்கான ரேடியோ, அங்கேயும் பேசிப் பாருங்கள். இன்னொன்று, பாக்கெட் இல்லாவிட்டால் ஒரு லிட்டருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீரே கரிக்கும். குடம் காசு கொடுத்து வாங்குகிறோமே, அந்த நல்ல தண்ணீரில் கலக்கச் சொல்லணும்.

கரைவலை_தம்பி:
எடை போடுகிற இடம் எங்களுக்குத் தோன்றவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், அம்மாவிடம் சொல்லி வையுங்கள். நீரிழப்புக்கு அங்கே என்ன சொல்வார்கள்?

பாசிக்காரி_மகன்:
"பிள்ளை வாடிப்போச்சு" என்பார்கள். கண் குழி விழுந்து, அழுதால் கண்ணீர் வராமல், ஒன்றுக்கும் போகாமல் கிடந்தால் பாட்டிலைக் குலுக்கிக்கொண்டு நிற்காமல் 108ஐக் கூப்பிடணும் என்பதையும் அப்படியே சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.